பழைய ஆர்22 ஸ்ப்ளிட் ஏசியில் ஆர்32 அடிக்கலாமா, ஆர்290 போடலாமா?

பராமரிப்பு_மதுரை:
பயிற்சி மையம் ஒன்றில் நான்கு 1.5 டன் ஸ்ப்ளிட். எல்லாமே ஆர்22 கேஸில் ஓடுபவை, இன்வெர்ட்டர் இல்லாதவை, கேபிலரி (மெல்லிய குழாய் வழியே கேஸை அளந்து விடும் வகை). நேம்பிளேட்டில் சார்ஜ் (நிரப்ப வேண்டிய கேஸ் எடை) 1.2 கிலோ. அறைகள் 12க்கு 14 அடி. ஒரு மெஷினில் இண்டோர் காயில் யூ-பெண்டில் எண்ணெய்க் கசிவு தெரிகிறது, கேஸ் பாதிக்கு மேல் போய்விட்டது. சர்வீஸ்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் ஆர்32 அடித்தால் கூலிங் ஏறும் என்கிறார். அடுத்தவர் ஆர்290 பாதி எடை போட்டாலே போதும், ஆம்பியர் குறையும் என்கிறார். மூன்றாமவர் எம்ஓ99 என்ற மாற்றுக் கேஸைச் சொல்கிறார். சூழலுக்குக் கேடு குறைந்த கேஸுக்கு மாற வேண்டும் என்று நிர்வாகமும் கேட்கிறது. எது சரி? மெஷினையே மாற்றினால் சுவருக்குள் பதித்த காப்பர் பைப் தேறுமா?

ஃப்ளேர்நட்:
சார், ஆர்32-ஐ அந்த மெஷின் பக்கமே கொண்டு போகாதீங்க. கண்டன்சர் (அவுட்டோர் காயில்) 50 டிகிரியில ஓடினா ஆர்22-க்கு ஹெட் பிரஷர் (கம்ப்ரசர் வெளியே தள்ளுற அழுத்தம்) 265 பிஎஸ்ஐ சுமார். அதே 50-க்கு ஆர்32 ஏறக்குறைய 440. மதுரை மே மாசத்துல 50-ஐ சர்வசாதாரணமா தாண்டும். அந்தக் காயிலும் கம்ப்ரசர் ஷெல்லும் இதுக்குச் செஞ்சதே இல்ல.

அதைத் தாங்கினாலும் ரெண்டு வாரத்துல வேற வழியில போகும். ஆர்32 அதே சிலிண்டர் அளவுக்குப் பாதிக்கு மேல கூடுதல் லோடு இழுக்கும், ஓவர்லோடு ட்ரிப் ஆகிட்டே இருக்கும். ஆர்22 கம்ப்ரசர்ல இருக்கிறது மினரல் ஆயில். அது ஆர்32-ல கரையாது. காயில்ல போய்த் தங்கிடும், கம்ப்ரசருக்குத் திரும்பாது. டிஸ்சார்ஜ் சூடும் ஆர்32-க்கு அதிகம். எண்ணெய் இல்லாம, சூட்டோட ஓடுற கம்ப்ரசர் ஜாம் ஆகாம என்ன செய்யும்?

கோவை_குளிர்:
ஆர்290 விஷயம் வேறு. பிரஷர் ஆர்22-க்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், மினரல் ஆயிலோடும் சேரும், ஆம்பியரும் உண்மையாகவே குறையும். அதனால்தான் பலர் துணிந்து அடிக்கிறார்கள். ஆனால் அது புரொப்பேன். ஒரு கன மீட்டர் காற்றில் 38 கிராம் கலந்தாலே பற்றும். காற்றை விடக் கனம் என்பதால் தரையோரம் தேங்கும். சமையல் கேஸில் சேர்க்கும் வாடை இதில் இருக்காது, கசிந்தாலும் மூக்குக்குத் தெரியாது.

உங்கள் அறை 15.6 சதுர மீட்டர். சுவரில் 1.8 மீட்டர் உயரத்தில் இண்டோர் என்று வைத்து ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பு) தரத்தின் சூத்திரத்தில் போட்டால் அதிகபட்சம் 300 கிராம்தான் வருகிறது. 1.2 கிலோ ஆர்22-க்கு ஈடாக ஆர்290 ஏறக்குறைய 500 கிராம் பிடிக்கும். அதற்குக் கிட்டத்தட்ட 470 சதுர அடி அறை வேண்டும். கோத்ரெஜ் 2012-ல் ஆர்290 ஸ்ப்ளிட் விற்கத் தொடங்கியது, ஆனால் அது தொடக்கத்திலிருந்தே குறைந்த சார்ஜுக்கும், தீப்பொறி வெளியே வராத மின் பாகங்களுக்கும் வடிவமைத்த மெஷின். உங்கள் பழைய அவுட்டோரில் ரிலே திறந்தபடி உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: நேம்பிளேட்டில் ஆர்22 என்றே இருக்கும். மூன்று வருடம் கழித்து வேறு மெக்கானிக் அதை நம்பி வெல்டிங் டார்ச்சைக் காட்டினால் அவர் முகத்தில்தான் தீ.

ஓசோன்_தம்பி:
எம்ஓ99 என்பது ஆர்438ஏ. ஓசோனுக்குக் கேடில்லை, மினரல் ஆயிலோடும் ஓடும். ஆனால் புவியை வெப்பமூட்டும் திறன் (கார்பன் டை ஆக்சைடு 1 என்றால்) 2265, ஆர்22-க்கே 1810தான். நிர்வாகம் கேட்டது இதுவல்ல. ஆர்407சி-யும் 1774, எண்ணெயும் மாற்ற வேண்டும். ஆர்32 675, ஆர்290 வெறும் 3. ஆக, உண்மையான குறைப்பு புது மெஷினில்தான் இருக்கிறது.

அதுவரை நல்ல மூன்று மெஷினையும் ஆர்22-லேயே விடுங்கள். ஓசோனைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளரும் நாடுகள் ஆர்22 வகை கேஸ்களை 2025 முதல் 67.5 சதவீதம் குறைத்தாக வேண்டும். 2030-க்குப் பிறகு சர்வீஸுக்கு மட்டும் சொற்பம், 2040 வரை. விலை ஏறத்தான் செய்யும். அதே ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தில் இந்தியா 2021-ல் சேர்ந்தது. ஆர்410ஏ, ஆர்32 போன்றவற்றுக்கு 2028-ல் உச்சவரம்பு, 2032-ல் முதல் குறைப்பு.

லீக்கான மெஷினில் மீதிக் கேஸைக் காற்றில் விடாமல் ரெக்கவரி சிலிண்டரில் பிடியுங்கள், 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல். ஒரு கிலோ ஆர்22 வெளியேறினால் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். லீக்கை அடைக்காமல் வருடாவருடம் 'டாப்-அப்' அடிப்பதுதான் இதில் பெரிய பாவம்.

பராமரிப்பு_மதுரை:
சரி, லீக்கான மெஷினை எடுத்துவிட்டு ஆர்32 இன்வெர்ட்டர் போடலாம் என்று முடிவு. பைப் 1/4, 1/2 அங்குலம், நீளம் 6 மீட்டர்.

ஃப்ளேர்நட்:
புது மெஷினும் அதே சைஸ் கேட்டா, பைப் கனம் 0.8 மிமீ குறையாம இருந்தா, நடுவுல ஜாயிண்ட் இல்லன்னா வச்சுக்கலாம். கம்ப்ரசர் கருகின மெஷினோட பைப்னா வேண்டாம், ஆசிட் உள்ளயே இருக்கும்.

முக்கியமா, லீக் இருக்கிற மெஷின்ல பம்ப்-டவுன் (கம்ப்ரசரை ஓட்டியே கேஸை அவுட்டோருக்குள்ள இழுத்து அடைக்கிறது) பண்ணாதீங்க. ஓட்டை வழியா காத்தை உள்ள இழுக்கும். காத்தும் எண்ணெயும் சேர்ந்து அமுங்கினா கம்ப்ரசர் வெடிக்கும். ரெக்கவரி மெஷின் மட்டும்தான்.

பைப்பைக் கழட்டினதும் உலர் நைட்ரஜனை இடைவெளி விட்டு ஊதி, முனையில வெள்ளைத் துணி பிடிங்க. எண்ணெய்க் கறை வராத வரைக்கும் ஊதணும். பைப் கழுவ ஆர்141பி திரவம் கொண்டு வந்தா திருப்பி அனுப்பிடுங்க, அதுவும் ஓசோனைக் கெடுக்கிற சரக்குதான், இறக்குமதி 2020-லயே நின்னுபோச்சு. பெட்ரோல் கேக்கவே வேண்டாம்.

பழைய ஃப்ளேரை (நட்டுக்காக விரிச்ச பைப் வாய்) வெட்டிட்டுப் புதுசா போடுங்க. 1/2 அங்குலத்துக்கு வாய் 16.2-லேர்ந்து 16.6 மிமீ, நட் 26 மிமீ ஸ்பேனர் சைஸ். ஆர்22 நட் 24, அது உதவாது. டார்க் ரெஞ்சுல 50-லேர்ந்து 60 நியூட்டன் மீட்டர், 1/4-க்கு 14-லேர்ந்து 17. கை பலத்துல முறுக்கினா ஃப்ளேர் விண்டுடும்.

நைட்ரஜன் டெஸ்ட் மேனுவல் சொல்ற அளவுக்கு, பொதுவா 600 பிஎஸ்ஐ. அப்புறம் வேக்யூம். மேனிஃபோல்டு கேஜ் ஊசி மைனஸ் 30-ல நின்னா முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க, அது ஈரத்தைக் காட்டாது. மைக்ரான் கேஜ் (வேக்யூமை நுட்பமா அளக்கிற கருவி) 500-க்குக் கீழ வரணும், பம்பை மூடி பத்து நிமிஷம் பாருங்க. ஏறி ஒரு இடத்துல நின்னா ஈரம், ஏறிக்கிட்டே போனா லீக். புது ஆர்32 மெஷின்ல இருக்கிற பிஓஇ எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், இதுல சமரசமே கிடையாது.

6 மீட்டர்னா பெரும்பாலும் கம்பெனி சார்ஜே போதும். எத்தனை மீட்டருக்கு மேல எவ்வளவு கிராம்னு அவுட்டோர் ஸ்டிக்கர்ல இருக்கும். எடை மெஷின் இல்லாம கேஜ் பார்த்து அடிக்கிறவரை உள்ளயே விடாதீங்க, இன்வெர்ட்டர் வேகம் மாறிட்டே இருக்கும், அந்த பிரஷர் ஒண்ணுமே சொல்லாது.