கிணற்றுத் தண்ணீரும் இறங்காத ஐட்லிங்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து:

என்னிடம் இருப்பது 1995-ஆம் ஆண்டின் ஹோண்டா சிவிக். கார்புரேற்றர் இல்லாத, கணினி மூலம் பெற்றோல் செலுத்தப்படும் எஞ்சின். சூடேறிய பின் அதன் ஐட்லிங், அதாவது அக்ஸிலறேற்றரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 சுற்றில் நிற்க வேண்டும். சென்ற ஆண்டு அது 1,200-க்கும் 2,000-க்கும் இடையில் ஏறுவதும் இறங்குவதுமாக உறுமத் தொடங்கியது. வைத்தியசாலை வீதி நெரிசலில் நிற்கும்போது, நான் வேண்டுமென்றே அக்ஸிலறேற்றரை மிதிக்கிறேன் என்று நினைத்துப் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கராஜில் முதலில் ஐட்லிங்கைச் சரிசெய்யும் ஐட்ல் ஸ்குறூவை இறுக்கினார்கள். பிறகு, கணினி சொல்வதற்கேற்ப ஐட்லிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐட்ல் வால்வ் பழுது என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த வால்வ் ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தியும் மாற்றம் இல்லை. அந்த வால்வின் மின்சுற்றில் குறை இருந்திருந்தால் செக் எஞ்சின் விளக்கு எரிந்திருக்கும். பழுதுக் குறியீட்டைப் பார்ப்பதற்கான சேவை இணைப்பின் இரு முனைகளைக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பும்போது, அந்த விளக்கில் ஒரு நீண்ட சிமிட்டலும் நான்கு குறுஞ்சிமிட்டல்களுமாக 14 என்ற குறியீடும் வந்திருக்கும். இரண்டும் நிகழவில்லை. இதைப் பார்க்காமல் பாகம் வாங்கியது என் தவறு.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒழுங்காகத் தேடினேன். அக்ஸிலறேற்றர் கேபிளில் சிறிது தளர்வு இருந்தது, அதில் குறையில்லை. எங்காவது காற்று கசிந்து உள்ளே போகிறதா என்று அறிய, வக்யூம் ஹோஸ்களிலும் இன்டேக் காஸ்கெட் ஓரங்களிலும் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் மாறவில்லை, அதனால் அங்கே கசிவில்லை. (சிலர் இதற்குக் கார்புரேற்றர் கிளீனர் தெளிப்பார்கள். சூடான எக்ஸோஸ்ற் அருகில் அது தீப்பற்றக்கூடியது என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.) பிறகு எஞ்சினை நன்கு சூடாக்கி, எஞ்சினுக்குள் காற்று நுழையும் த்ரொட்டில் வாயிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே தெரிந்த கீழ்த்துளையை விரல் நுனியால் மூடினேன். காற்று விரலை இறுக இழுத்தது. சுற்று உடனே விழுந்தது. சூடான எஞ்சினில் அந்தத் துளை வழியே காற்றுப் போகவே கூடாது.

அந்தத் துளைக்குக் கீழே மெழுகு அடைத்த சிறிய வால்வ் ஒன்று இருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் வேகமாகச் சுற்றுவதற்கு அது கூடுதல் காற்றைக் கொடுக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடேறி அதனூடாக ஓடும்போது மெழுகு விரிந்து வழியை அடைத்துவிடும். சூடான கூலன்ட் அதை எட்டாவிட்டால் வழி திறந்தபடியே கிடக்கும். கால் எடுத்த நிலையிலும் சுற்று அதிகமாக இருப்பதைக் காணும் கணினி, கார் வேகம் குறைந்து உருளுகிறது என்று எடுத்துக்கொண்டு பெற்றோலை நிறுத்தும். சுற்று விழுந்ததும் மீண்டும் கொடுக்கும். அந்த உறுமலின் ஏற்ற இறக்கம் இப்படித்தான் உண்டாகிறது.

ஹீற்றரும் அதே சூடான கூலன்டில்தான் இயங்குகிறது என்பதால் அதைப் போட்டுப் பார்த்தேன். குளிர்ந்த காற்றே வந்தது. இந்த ஊரில் ஹீற்றரை யார் போடுவார்கள்? அதனால்தான் இத்தனை மாதம் கூலன்ட் குறைந்து காற்று அடைத்திருந்தது எவர் கண்ணிலும் படவில்லை. முறிகண்டிக்கு அருகில் ஒருமுறை ரேடியேற்றரின் மேல் ஹோஸ் வெடித்தபோது கிடைத்த தண்ணீரை ஊற்றி வீடு வந்தேன். அதற்குப் பிறகு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிவந்தேன். நம் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். தேநீர்க் கேத்தலின் அடியில் படியும் அதே வெண்படலம், வால்வுக்குப் போகும் பென்சில் பருமனான குழாயையும் பாதிக்குமேல் அடைத்திருந்தது. வினாகிரியில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் சுரண்டியபோது அது செதிள் செதிளாக உதிர்ந்தது.

கழுவிப் பூட்டி, வடித்த நீரில் கலந்த கூலன்ட் நிரப்பி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் போல்ற்றைத் தளர்த்திக் குமிழிகள் நிற்கும்வரை காத்திருந்தேன். இறுக்கப்பட்ட ஐட்ல் ஸ்குறூவையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது 750-க்கும் 800-க்கும் இடையில் நிற்கிறது.

வவுனியாவிலிருந்து:

அண்ணா, என் காரும் அதே வகைதான். ஆனால் உறுமல் இல்லை, எப்போதும் 1,100-இலேயே நின்றது. உங்களைப் போலவே விரலை வைத்தேன், இலேசாக இழுத்தது. கூலன்ட் நிறைந்துதான் இருந்தது. கடைசியில் பார்த்தால், முந்தைய உரிமையாளர் வெயில் ஊருக்குத் தேவையில்லை என்று தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்திருக்கிறார். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் அந்தப் பாகம், ஏறத்தாழ 78 பாகை செல்சியஸில்தான் திறக்கத் தொடங்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் நிற்காமல் ரேடியேற்றருக்கு ஓடி, எஞ்சின் உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. புதிது பூட்டியதும் சுற்று இறங்கியது, பெற்றோல் செலவும் குறைந்தது. வினாகிரி மெழுகு வால்வைக் கெடுக்காதா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, நான் வால்வை முழுதாக அமிழ்த்தவில்லை. தண்ணீர் ஓடும் குழாய்ப் பகுதியில் மட்டும் ஊற்றி அரைமணி நேரம் வைத்தேன். அதன்பின் நன்றாகக் கழுவுங்கள். அலுமினியத்தில் அது நீண்ட நேரம் நிற்கக் கூடாது. ரப்பர் வளையத்தையும் புதிதாகவே போடுங்கள். பழையது தட்டையாகியிருந்தால் அங்கேயும் காற்று நுழையும்.