100 கிலோவாட் என்கிறார்கள், 43-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது: கோளாறு வண்டியிலா, சார்ஜரிலா?

தொலைதூரப் பயணி:
வணக்கம். என் மின்சார காரில் இருப்பது 60 கிலோவாட் அவர், அதாவது 60 யூனிட் பேட்டரி. டிசியில் (நேர் மின்னோட்டம்) 100 கிலோவாட் வரை, ஏசியில் (வீட்டுக்கு வரும் மாறு மின்னோட்டம்) 7.2 கிலோவாட் வரை ஏறும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நடப்பது வேறு.

50 கிலோவாட் டிசி நிலையத்தில் 43-க்கு மேல் போவதில்லை. சரி, அது சின்ன சார்ஜர், விட்டுவிடலாம் என்று 120 கிலோவாட் நிலையத்துக்குப் போனால் அங்கே இன்னும் மோசம், வெறும் 31. வீட்டில் 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் பொருத்தும் ஏசி சார்ஜர்) மாட்டியிருக்கிறேன், அதில் எப்போதும் 3.6 தான். போகிற இடமெல்லாம் குறைவாகவே வருவதால் பேட்டரியே போய்விட்டதோ என்று பயம். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. சர்வீஸில் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

நீல வண்டி:
சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுப் பாருங்கள். என் வண்டியில் அதற்குப் பிறகு கொஞ்சம் வேகம் கூடியது போலத் தெரிந்தது.

ஒயர்மேன்:
அப்டேட் அப்புறம் பார்க்கலாம். முதலில் மூன்று இடத்தையும் ஒரே நோயாகப் பார்க்காதீர்கள். வீட்டில் நடப்பதற்கும் டிசி நிலையத்தில் நடப்பதற்கும் சம்பந்தம் குறைவு. ஏசியில் மின்சாரத்தை டிசியாக மாற்றுவது வண்டிக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். டிசி நிலையத்தில் அந்த வேலையை வெளியே நிற்கும் பெட்டியே செய்துவிடும், ஆன்போர்டு சார்ஜர் சும்மா இருக்கும். அதனால் இரண்டிலும் வேகம் குறைந்தால் காரணமும் பெரும்பாலும் இரண்டு.

திரையில் கிலோவாட் எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள், பாதி பதில் அங்கேயே இருக்கும். உங்கள் 43-ஐயே எடுத்துக்கொள்வோம். 400 வோல்ட் வண்டி என்று சொல்கிறோமே தவிர, வரிசையில் 96 செல் இருந்தால் பாதி சார்ஜில் அது ஏறக்குறைய 350 வோல்ட்தான். 400-ஐ எட்டுவது முழுதாக நிரம்பும்போது. 50 கிலோவாட் சார்ஜர்கள் பலவற்றில் ஆம்பியர் உச்சவரம்பு 125. 350-ஐ 125-ஆல் பெருக்குங்கள்: 43.75. உங்கள் வண்டியும் சரி, சார்ஜரும் சரி. அந்த 50 என்ற எண்ணுக்கு 400 வோல்ட் தேவை, அவ்வளவுதான்.

வீட்டில் வரும் 3.6-உம் அதே மாதிரி பேசும் எண். 230 வோல்ட், 16 ஆம்பியர் என்றால் 3.68. யாரோ, எங்கேயோ 16 ஆம்பியருக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். வால்பாக்ஸ் செட்டிங்கா, கேபிளா, வண்டியின் மெனுவா என்று தேட வேண்டும். கேபிள் தனியாகக் கழற்றுகிற வகை என்றால் அதைச் சந்தேகப்படுங்கள். பிளக்குக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், 220 ஓம் என்றால் 32 ஆம்பியர், 680 ஓம் என்றால் 20 ஆம்பியர். அதைப் படித்துத்தான் கேபிள் எவ்வளவு தாங்கும் என்று வால்பாக்ஸும் வண்டியும் தெரிந்துகொள்கின்றன.

அந்த 31-க்கு மட்டும் விவரம் போதாது. பேட்டரி எத்தனை சதவீதத்தில் இருக்கும்போது கன்னை (சார்ஜர் கேபிளின் முனையை) மாட்டினீர்கள்? பக்கத்து கன்னில் வேறு வண்டி இருந்ததா? குளிராக இருந்ததா?

தொலைதூரப் பயணி:
ஐயா, பெருக்கிப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. 120 நிலையத்துக்குப் போனது நல்ல குளிர் விடியற்காலை. வண்டி இரவெல்லாம் வெளியில் நின்றது, வீட்டிலிருந்து நிலையம் பக்கம்தான். மாட்டும்போது 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பக்கத்தில் ஒரு வண்டி இருந்தது, நடுவில் கிளம்பிப் போனது. அதற்குப் பிறகும் 31 அசையவில்லை.

பேட்டரிப் பைத்தியம்:
கடைசியாகச் சொன்னதுதான் நல்ல துப்பு. பெரிய பெட்டிகளில் உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் 30, 40 கிலோவாட் மாட்யூல்கள் அடுக்கியிருக்கும். இரண்டு வண்டி நின்றால் பங்கு போடும், ஒன்று கிளம்பினால் மற்றதற்கு எண் சட்டென்று ஏறும். உங்களுக்கு ஏறவில்லை. ஆக, பெட்டி கொடுக்கத் தயாராகத்தான் இருந்தது, வண்டிதான் வேண்டாம் என்றது. டிசியில் எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்று கேட்பது வண்டியின் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு. பெட்டி தன்னால் முடிந்த அளவுக்கு அதைக் கொடுக்கும், அதற்கு மேல் தள்ளாது.

ஏன் வேண்டாம் என்றது? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழையும், குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். வேகமாகத் தள்ளினால் உள்ளே போக முடியாமல் வெளியே உலோகமாகப் படியும். அப்படிப் படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காது, பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பிஎம்எஸ் இதைத் தெரிந்துதான் ஆம்பியரைக் கட்டுப்படுத்துகிறது. 70 சதவீதத்துக்கு மேலும் கிட்டத்தட்ட இதே கதை: கிராஃபைட்டில் இடம் குறைவு, செல் வோல்டேஜும் உச்சவரம்பை நெருங்குகிறது. நீங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறீர்கள். 31 வந்ததே பெரிது என்பேன்.

நல்ல சூட்டிலும் வேகம் குறையும், அது தனிக்கதை. நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு உடனே டிசி, மறுபடி ஓட்டம், மறுபடி டிசி என்றால் குளிர்விக்கும் அமைப்பு திணறும். திரவக் குளிர்ச்சி இல்லாத பேட்டரிகளுக்கு இது அதிகம்.

சோதிக்க வேண்டும் என்றால் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை ஓட்டிவிட்டு, பேட்டரி சூடாக இருக்கும்போதே போங்கள். சில வண்டிகளில் வழிகாட்டித் திரையில் சார்ஜிங் நிலையத்தைக் குறித்தால் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும், உங்களுடையதில் இருந்தால் பயன்படுத்துங்கள். மாட்டிச் சில நிமிடம் கழித்து வோல்ட், ஆம்பியர் இரண்டையும் படம் எடுங்கள்.

தொலைதூரப் பயணி:
போய்வந்தேன். அதே 120 நிலையம், 18 சதவீதத்தில் மாட்டினேன், வேறு வண்டி இல்லை. 352 வோல்ட், 250 ஆம்பியர், 88 கிலோவாட்! 60 சதவீதம் தாண்டியதும் இறங்க ஆரம்பித்து, 75-இல் நாற்பதுகளுக்கு வந்துவிட்டது. ஏன் 100 வரவில்லை என்று பெட்டியின் பக்கவாட்டில் பார்த்தால், கன்னுக்கு அதிகபட்சம் 250 ஆம்பியர் என்று லேபிள்.

வீட்டு விஷயம்: வெளியே ஒரு ஏசி கம்பத்தில் மாட்டியபோது 7.1 வந்தது, அதனால் ஆன்போர்டு சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. வால்பாக்ஸைத் திறந்து காட்டச் சொன்னேன், உள்ளே ஆம்பியர் தேர்வு 16-இல் வைத்திருக்கிறார்கள். அதை 32-க்குத் திருப்பிவிடட்டுமா?

ஒயர்மேன்:
வேண்டாம், பொறுங்கள். வால்பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர், ஒயர் எத்தனை ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்)?

தொலைதூரப் பயணி:
எம்சிபி 20. ஒயர் 2.5 ஸ்கொயர் என்று பில்லில் இருக்கிறது.

ஒயர்மேன்:
அப்படியானால் மாட்டியவர் தெரிந்துதான் 16-இல் வைத்திருக்கிறார், உங்களிடம் சொல்லாமல் போனதுதான் குறை. கார் சார்ஜிங் என்பது அயர்ன் பாக்ஸ் போல விட்டுவிட்டு இழுக்கும் லோடு இல்லை, மணிக்கணக்கில் ஒரே ஆம்பியர் ஓடும். 32 வைத்தால் எம்சிபி விழும். விழுகிறதே என்று எம்சிபியை மட்டும் பெரிதாக மாற்றினால் ஒயர் சுடும், அது இன்னும் ஆபத்து. 32 ஆம்பியருக்கு 6 ஸ்கொயர் ஒயர், 40 ஆம்பியர் எம்சிபி, பொருத்தமான எர்த் லீக்கேஜ் (மின்கசிவு) பாதுகாப்பு என்று தனி லைனாகவே இழுக்க வேண்டும். வீட்டின் மொத்த அனுமதி லோடும் போதுமா என்று பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இப்படியே விடலாம். 3.6-இல் பத்து மணி நேரம் என்றால் 36 யூனிட். மாற்றும்போது பத்து சதவீதம் போகும் என்று வைத்தாலும் 32 பேட்டரிக்குள் போய்விடும், பாதி பேட்டரிக்கு மேல். தினமும் அவ்வளவு ஓட்டுகிறீர்களா?

தொலைதூரப் பயணி:
அதில் கால்பங்கு கூட ஓட்டுவதில்லை. 16-இலேயே இருக்கட்டும்.

புதுசு:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அலுவலகத்தில் 22 கிலோவாட் ஏசி பெட்டி இருக்கிறது, என் சின்ன வண்டிக்கு 3.3 தான் வருகிறது. எனக்கும் ஆம்பியர் செட்டிங்தானா?

ஒயர்மேன்:
இல்லை. 22 என்பது மூன்று பேஸும் சேர்த்து, ஒரு பேஸுக்கு 32 ஆம்பியர். உங்கள் வண்டியின் ஆன்போர்டு சார்ஜர் ஒற்றை பேஸ், 3.3 கிலோவாட் வகையாக இருக்கும், கையேட்டில் பாருங்கள். அப்படி என்றால் எந்த ஏசி பெட்டியில் மாட்டினாலும் அதற்கு மேல் வராது. 7.2 பெட்டி காலியாக இருந்தால் அதில் மாட்டிக்கொண்டு, 22-ஐ மூன்று பேஸ் வண்டிக்காரர்களுக்கு விடுங்கள்.