மெக்ரிட்சி உண்ணிகளில் கிருமி தேட வேண்டுமா?

காட்டுவழி_அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் நடந்துவிட்டு வீடு திரும்பினோம். மகளைக் குளிப்பாட்டும்போது முழங்காலின் பின்மடிப்பில் எள்ளளவு கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மச்சம் என்று நினைத்துத் தடவினேன், கால்கள் அசைந்தன. கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தேன். முழுதாக வந்தது. எட்டுக் கால் உண்ணி. மருந்துக் குப்பியில் போட்டு மறுநாள் மருத்துவரிடம் கொண்டுபோனேன். "காய்ச்சல் இல்லையே, எறிந்துவிடுங்கள்" என்றார். மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். குப்பி மட்டும் எங்கே கொடுப்பது என்று தெரியாமல் என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது.

கொசுவுக்காகக் குடியிருப்புக் கட்டடங்களில் பொறி வைத்து எண்ணுகிற ஊர் இது. காட்டோரத்து உண்ணிகளையும் அப்படி ஆண்டு முழுவதும் பிடித்து, மனிதருக்குத் தொற்றக்கூடிய கிருமி இருக்கிறதா என்று பார்த்தால் என்ன? வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்துச் சென்றால் உண்ணி தானே பற்றிக்கொள்ளும். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

தோபாயோ_கணக்கர்

துணி இழுப்பது மலிவுதான். செலவு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 2020இல் மட்டும் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. அந்தப் பொறிகளும் ஆட்களும் அதற்காக. உண்ணிக்காக அதில் ஒரு வெள்ளி குறைந்தாலும் எனக்குச் சம்மதம் இல்லை.

அதைவிட முக்கியமானது, கிருமி கிடைப்பது வேறு, நோய் வருவது வேறு. 1956இல் மலேசியக் காட்டு உண்ணியிலிருந்து லங்காட் என்ற கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். உண்ணிவழி மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு. அப்படியிருந்தும் காட்டில் அது யாரையும் நோயில் தள்ளியதாகப் பதிவு இல்லை. இன்று மரபணு வரிசையைப் படித்தால் ஒவ்வோர் உண்ணியிலும் ஏதாவது ஒன்று தட்டுப்படும். அவற்றில் பல உண்ணிக்கே உரியவை, நம்மைத் தொடாது. "காட்டில் புதிய கிருமி" என்று ஒரு தலைப்பு வந்தால் போதும், நாய்களைக் கொண்டுபோய்த் தெருவில் விடுவார்கள், குரங்குகளைக் கொல்லச் சொல்லி மனு எழுதுவார்கள்.

கூடலூரான்

நான் நீலகிரிக்காரன், இங்கே வந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. 1957இல் கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பிறகு மனிதர்கள். அந்தக் குரங்குக் காய்ச்சலை உண்ணிதான் பரப்பியது. நெடுங்காலம் அது அந்தச் சுற்றுவட்டாரத்து நோய் என்றே எண்ணியிருந்தோம். 2012இல் பந்திப்பூர், எங்கள் நீலகிரி, அடுத்து வயநாடு என்று வந்துவிட்டது. குரங்கு செத்ததும் அதன் உடலிலிருந்த உண்ணிகள் உதிர்ந்து, அந்த இடமே ஆபத்தான இடமாகிவிடும். விறகுக்கும் சருகுக்கும் போகிறவர்களுக்குத்தான் கடி.

"நம் ஊரில் இல்லை" என்ற பேச்சை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டவன்.

சிராங்கூன்_செல்வி

உண்ணிக் காய்ச்சல் என் மாமாவுக்கு வேலூரில் வந்தது. மாத்திரையில் குணமாகிவிட்டதே?

கூடலூரான்

அக்கா, அது வேறு. நம் நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸ் நோயை. அதைத் தருவது பாக்டீரியா. கடிப்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. டாக்சிசைக்ளின் மாத்திரைக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது வைரஸ் கிருமி, அந்த மாத்திரைக்கு அடங்காது. பெயர்க் குழப்பத்தால் இரண்டையும் ஒன்றாக நினைப்பது உண்மையிலேயே ஆபத்து.

தோபாயோ_கணக்கர்

கூடலூரான் சொன்னது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அங்கே முதலில் எச்சரித்தது செத்த குரங்கு. இறந்த குரங்கைக் கண்டால் சோதியுங்கள் என்று வைத்தால் போதுமே, சோதனைக்கென்று உண்ணியை ஏன் அரைக்க வேண்டும்?

காட்டுவழி_அம்மா

எல்லாக் கிருமியும் குரங்கைக் கொன்று நம்மை எச்சரிக்காது, ஐயா. 2009இல் சீனாவில் தெரியவந்த, உண்ணி பரப்பும் எஸ்எஃப்டிஎஸ் என்ற வைரஸ் காய்ச்சலைப் பாருங்கள். இரத்தத் தட்டணுக்கள் சரிந்து, நோயுற்றவர்களில் பலர் இறந்தார்கள். ஜப்பான் தன் முதல் நோயாளியை 2013இல்தான் அறிவித்தது. பிறகு சேமிப்பிலிருந்த பழைய இரத்தத்தைச் சோதித்தபோது 2005இலேயே நோயாளிகள் இருந்தது தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் அவர்களுக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. நோயுற்ற பூனையிடமிருந்து மனிதருக்கும் அது தொற்றியிருக்கிறது.

தோபாயோ_கணக்கர்

அதைக் கண்டுபிடித்தது நோயாளியின் இரத்தம்! உண்ணி அல்ல. காரணம் தெரியாத காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடப்பவரைச் சோதிக்கப் பணம் செலவிடுங்கள், நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

புல்வெட்டு_மேஸ்திரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கடி வாங்குகிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. காட்டோரச் சாலைகளில் புல் வெட்டும் பதினான்கு பேருக்கு நான் பொறுப்பு. மாலையில் லாரி ஏறுவதற்கு முன் பூட்ஸைக் கழற்றி, ஒருவர் இடுப்பை இன்னொருவர் பார்ப்பார். காலுறையின் மேல்விளிம்பில் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றுவோம். மழை விட்ட மறுநாள் அதில் நாலைந்து உண்ணி ஒட்டியிருக்கும். சிலர் லைட்டரால் சுடுவார்கள், சிலர் எண்ணெய் வைப்பார்கள். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. சுட்டால் அது வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கும்.

மெக்ரிட்சிக்கு நீங்கள் மாதம் ஒருமுறை போகிறீர்கள், நாங்கள் வாரத்தில் ஆறு நாள் அங்கேதான். கிருமி இங்கே இருந்தால் எங்கள் இரத்தத்தில் அதன் தடயம் இருக்கும். கடிபட்டதும் ஒருமுறை, சில வாரம் கழித்து ஒருமுறை இரத்தம் எடுத்து, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் கூடியிருக்கிறதா என்று பாருங்களேன். யாராவது கேட்டிருக்கிறார்களா? என்னைக் கேட்டதில்லை.

தோபாயோ_கணக்கர்

மேஸ்திரி சொல்வதுதான் சரியான இடம். முதலில் அதைச் செய்ய வேண்டும்.

காட்டுவழி_அம்மா

செய்ய வேண்டும், எனக்கு இதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் எதிர்ப்புப் பொருள் சோதனை பெயர் தெரிந்த கிருமியைத்தான் காட்டும். எதைத் தேடுவது என்று சொல்லப்போவது அந்த ஒட்டுநாடாவில் இருக்கும் உண்ணி. வளர்ச்சியின் ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடிக்கிற உயிர் அது. காட்டுப்பன்றி, எலி, பறவை என்று பல விலங்குகளின் கதை அதன் வயிற்றில் கிடக்கிறது. 1999 மார்ச்சில் பன்றிகளிடமிருந்து நிப்பா வைரஸ் தொற்றி வந்தபோது இங்கே பதினொரு இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். பன்றிகள் மலேசியாவிலிருந்து வந்தவை. அந்தக் கிருமிக்கு அதுவரை பெயரே கிடையாது. அப்போதும் முதலில் விழுந்தது தொழிலாளிதான்.

தோபாயோ_கணக்கர்

சரி, அம்மா. உண்ணிச் சோதனை இரண்டாண்டு, நான்கைந்து காடுகள், அதற்குமேல் வேண்டாம். கிருமி உயிரோடு வளர்ந்து காட்டினால், அல்லது மனித இரத்தத்தில் தடயம் கிடைத்தால் மட்டும் மக்களுக்கு அறிவியுங்கள். வெறும் மரபணுத் துணுக்கை வைத்துக் கிலி கிளப்பக் கூடாது.

கூடலூரான்

கியாசனூரிலிருந்து எங்கள் மலைக்கு வர அதற்கு 55 ஆண்டுகள் ஆயின. இரண்டாண்டில் பார்த்துவிட்டு மூட்டை கட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

காட்டுவழி_அம்மா

மறைத்து வைப்பதையும் நான் ஏற்கவில்லை, கணக்கர் ஐயா. கடி வாங்கியவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை முதலில்.

மேஸ்திரி அண்ணே, உண்ணியை எடுத்தால் எறியாதீர்கள். குப்பியில் போட்டுத் தேதி, இடம், உடம்பில் எங்கே என்று எழுதி உறைபெட்டியில் வையுங்கள். என் குப்பியிலும் இன்றுதான் எழுதி ஒட்டினேன்.

புல்வெட்டு_மேஸ்திரி

குப்பி வாங்கிவிட்டேன், அம்மா. இரத்தம் கொடுப்பீர்களா என்றும் இன்று காலை எங்கள் ஆட்களைக் கேட்டேன். ஒன்பது பேர் சரி என்றார்கள். மற்ற ஐந்து பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஏதாவது கிருமி இருக்கிறது என்று வந்தால் வேலை அனுமதி என்ன ஆகும்?" அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இங்கே யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், நாளைக் காலை ஆறரைக்கு லாரியில் படித்துக் காட்டுகிறேன்.