47 வயதில் இரவு வியர்வையும் ஒழுங்கற்ற மாதவிடாயும்: உணவும் பயிற்சியும் மட்டும் போதுமா?

கேள்வி: வெண்பனி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. சில காலமாக மாதவிடாய் ஒரு மாதம் முன்கூட்டியே வந்து நாப்கின் மாற்றி மாளாத அளவுக்குப் போகிறது. இன்னொரு மாதம் வராமலேயே இருந்துவிடுகிறது. நள்ளிரவுக்குப் பின் கழுத்தும் மார்பும் கொதித்து, தலையணை உறை நனைந்து விழித்துக்கொண்டால் மறுபடி கண் மூட முடிவதில்லை. மறுநாள் யார் என்ன கேட்டாலும் சுள்ளென்று விழுகிறேன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

'இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான், பல்லைக் கடித்துக்கொள்' என்கிறார்கள் தோழிகள். இணையத்திலோ மூலிகை மாத்திரை, மூச்சுப் பயிற்சி, உணவுத் திட்டம் என எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, 'முழுமையான நலவாழ்வு' என்ற பெயரில் விற்கிறார்கள். ஹார்மோன் சிகிச்சை என்றாலே எனக்கு அச்சம். அதை நாடாமல், உணவையும் உடற்பயிற்சியையும் மன அமைதியையும் கொண்டே இந்தக் காலத்தைக் கடந்துவிட முடியுமா?

பதில்: கல்தூண்

நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பவற்றை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. நீங்கள் இருப்பது அதற்கு முந்திய மாறுகாலமாக இருக்கலாம். இந்தக் காலத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைவதில்லை. ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. உடல் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஹைப்போதாலமஸ் என்னும் மூளைப் பகுதி இந்தத் தடுமாற்றத்தால் மிகச் சிறிய வெப்ப மாற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொண்டு, இரத்த நாளங்களை விரித்து வியர்க்க வைக்கிறது. இரவு வியர்வைக்கு விளக்கம் இதுதான்.

ஆனால் படி ஏறும்போது மூச்சு வாங்குவதை இந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதிக இரத்தப்போக்கோடு அது சேர்ந்து வந்தால் முதலில் இரத்தசோகையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் நல மருத்துவரைச் சந்தித்து, போக்கு அதிகமாவதற்கு நார்த்திசுக்கட்டி (ஃபைப்ராய்டு) போன்ற காரணம் கருப்பையில் உள்ளதா என்று ஸ்கேன் வழியாகப் பார்ப்பதும் அவசியம். இரும்புச்சத்துக் குறைந்த உடலை மூச்சுப் பயிற்சியால் தேற்ற முடியாது. அதே சமயம், 45 வயதைக் கடந்தவருக்கு மாறுகாலம்தானா என்று உறுதி செய்வதற்காக மட்டும் ஹார்மோன் அளவைப் பார்ப்பதில் பயனில்லை. இன்றைய அளவு அடுத்த வாரம் இருக்காது.

பதில்: நீலத்திரை

கல்தூண் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சுய பராமரிப்பை அவர் ஓரமாக நிறுத்திவிட்டதாகத் தோன்றுகிறது. உடற்பயிற்சி, திடீரென உடல் கொதித்து வியர்க்கும் இந்த வெப்ப அலைகளைத் தணிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் உறக்கம், மனநிலை, இதயம், எலும்பு ஆகிய நான்குக்கும் அது வேண்டும். மாதவிடாய் நிற்பதையொட்டிய சில ஆண்டுகளில் எலும்பு விரைவாக அடர்த்தியை இழப்பதால், வெறும் நடை போதாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்போடு, 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்கிறது. நான் எடை தூக்கத் தொடங்கியபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது கனமான பெட்டியை நகர்த்த என்னைத்தான் அழைக்கிறார்கள்.

வெப்ப அலைகளுக்கு ஹார்மோன் அல்லாத வழிகளில் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குச் (CBT) சான்று உண்டு. அது வியர்வையை முற்றாக நிறுத்துவதில்லை. வியர்த்து விழித்தவுடன் 'நாளைய பொழுது போச்சு' என்று மனம் பதறுவதைக் குறைத்து, மீண்டும் உறங்க வழி செய்கிறது. மூலிகை மாத்திரைகள் பலவற்றுக்கு அத்தகைய சான்று இல்லை. சிலவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகப் பதிவுகளும் உள்ளன. அந்தத் தொகுப்பை வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கும் ஓய்வுக்கும் ஆன நேரத்தை, ஏற்கெனவே குறைந்துபோன உறக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். வீட்டில் நீங்கள் செய்யும் வேலைகளில் ஒன்றையாவது வேறொருவரிடம் நிரந்தரமாக ஒப்படைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பதில்: மழைமுகில்

ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை மீதான அச்சத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. அதன் வேர் 2002-இல் இருக்கிறது. அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்னும் பெரிய ஆய்வின் ஒரு பகுதி, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரான் வகை மருந்து) சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடியதாகக் கண்டு, முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு உட்கொண்டால் கூடுதலாக 8 பேருக்கு அந்நோய் என்பதே கணக்கு. செய்தியாகப் பரவியபோது அந்த எண் காணாமல் போய், பயம் மட்டும் தங்கிவிட்டது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதையும் பலர் கவனிக்கவில்லை. 60 வயதுக்குள்ளோ, மெனோபாஸ் ஆகி 10 ஆண்டுகளுக்குள்ளோ தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால் தீமையைவிட நன்மையே பெரும்பாலும் அதிகம் என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு.

எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையிலும் பூசும் ஜெல்லிலும் அந்த ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. கருப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் அதன் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு இடமளிக்கும் என்பதால், உடன் புரோஜெஸ்டிரான் வகை மருந்தும் அவசியம். இயற்கை வழி, மருந்து வழி என்று கட்சி பிரித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரவில் உறங்க முடியாதவருக்கு எடை தூக்கும் தெம்பு எங்கிருந்து வரும்?

வெண்பனி

மூவருக்கும் மிக்க நன்றி. முதலில் இரத்தப் பரிசோதனைக்குச் செல்கிறேன். மருத்துவரிடம் பேசத் தயங்கும் ஒரு கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன்: மாதவிடாய் இப்படித் தப்பித் தப்பி வரும்போது கருத்தடை இன்னும் தேவையா?

பதில்: கல்தூண்

தேவைதான். தப்பி வரும் மாதங்களிலும் கருமுட்டை வெளிப்படக்கூடும். கடைசி மாதவிடாய் 50 வயதுக்குமுன் வந்திருந்தால் அதன்பின் 2 ஆண்டுகளும், 50-க்குப் பின் வந்திருந்தால் ஓராண்டும் தொடர வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. மாறுகாலத்துக்கான ஹார்மோன் சிகிச்சை பொதுவாகக் கருத்தடையாகாது. ஆனால் ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் ஒன்று உண்டு. அது கருத்தடைக்கும் ஆகும், உங்கள் அதிக இரத்தப்போக்கையும் குறைக்கும். மருத்துவரிடம் அதைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். 12 மாதங்கள் நின்றபின் ஒரு துளி இரத்தம் தென்பட்டாலும் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.