சனிக்கிழமைப் பின்னலில் சந்தித்தவர்கள்

எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாளும் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ராமேஸ்வரம் தீவுக்கு எதிரே உள்ள மண்டபம் ஊரில் எங்கள் பின்னல் கூட்டம் சனிக்கிழமை மதியம் கூடுவதற்கு அதுதான் காரணம். போட் கிளம்பிய பிறகு வீடு கொஞ்சம் ஓயும். ஞாயிறு விடிந்தால் மீன் இறங்கும். இறால் பிரிக்க, கருவாடு காயப்போட என்று ஆளாளுக்கு ஓட்டம். நடுவில் கிடைக்கிற சனி மதியம் எங்களுக்கு.

வருகிறவர்களில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பெண்கள். ஒரு டீச்சர், தையல் கடை வைத்திருக்கும் அக்கா, கல்லூரிப் பிள்ளைகள், கீழக்கரையிலிருந்தும் பாம்பனிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் என்று கலவையான கூட்டம். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா, இரட்டை ஊசி, வயர் கூடை, ஓலை எதுவானாலும் சரி, கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். பின்னத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தக் கடற்கரையில் வளர்ந்த கைக்கு ஏதோ ஒரு முடிச்சு முன்பே தெரிந்திருக்கும். அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் மிச்சம் தானே வரும்.

இந்தப் பின்னலால் யார் யாரைச் சந்தித்தோம் என்று எழுதலாமே எனப் பேச்சு வந்தது. நான் ஆரம்பிக்கிறேன், மற்றவர்கள் கீழே தொடருங்கள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் எங்கள் அப்பத்தா. எங்கள் என்றால் எல்லோருக்கும் அப்பத்தா. பேத்தியைக் கொண்டுவந்து விட வந்தவர், வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்தார். காலமெல்லாம் வலை பொத்திய கை. குரோஷா ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் நூல் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டார். நூல் விறைப்பாக நின்றால்தான் வலையில் கண் ஒரே அளவாக விழும். நாங்கள் இடது கை ஆள்காட்டி விரலில் நூலைச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருக்கிறோம், அவர் காலை விட்டு எடுக்கவே இல்லை. ஒரு முழத்துக்குச் சங்கிலிப் பின்னல் போட்டார். ஒரு இடத்தில்கூடத் தளர்வு இல்லை.

பேத்தி அந்த நூலை விளையாட்டாக இழுத்தாள். அத்தனையும் சரசரவென்று அவிழ்ந்தது. அப்பத்தாவுக்கு முகமே மாறிவிட்டது. "இழுத்தா அவுந்துபோற வலைய நம்பி எவன்டி கடலுக்குப் போவான்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. மீன்வலையில் ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் ஒரு முடிச்சு உண்டு. ஒரு இடம் அறுந்தாலும் பக்கத்துக் கண் அப்படியே நிற்கும். குரோஷாவில் முடிச்சே கிடையாது. ஒரு சுருக்குக்குள் அடுத்த சுருக்கை இழுத்துக்கொண்டே போகிறோம். கடைசிச் சுருக்கில் நூலை வெட்டி உள்ளே விட்டு இறுக்கினால்தான் வேலை நிற்கும். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பிடிக்கலன்னா அவுத்துட்டு மறுபடி பின்னலாம். நூலு வீணாகாது" என்றார். அன்றைக்கே எங்களோடு சேர்ந்துவிட்டார்.

அவருக்குக் கட்டம் கட்டமாகப் பின்னி உருவம் கொண்டுவரும் ஃபிலே குரோஷா காட்டினேன். ஒரு உயரப் பின்னல், இரண்டு சங்கிலி, மறுபடி உயரப் பின்னல் என்றால் ஒரு காலிக் கட்டம். அந்தச் சங்கிலிகள் இருக்கும் இடத்தில் உயரப் பின்னலே போட்டால் நிறைந்த கட்டம். நிறைந்த கட்டங்களை அடுத்தடுத்து அடுக்கினால் உருவம் வரும். கண் எண்ணிப் பழகியவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கட்டத்தாளைத் தொடவே இல்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஜன்னல் திரையில் ஒரு மீனைக் கொண்டுவந்துவிட்டார். என்ன மீன் அப்பத்தா என்று கேட்டோம். "பாரை. வாலப் பாத்தாத் தெரியலயா?" உண்மைதான், வால் பிளவு அத்தனை சுத்தமாக இருந்தது.

அடுத்து, குல்லாவால் வந்த பழக்கம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளுக்குக் குல்லா பின்னித் தர முடியுமா என்று கேட்டார். நம்ம ஊர் வெயிலுக்குக் குல்லாவா என்று யோசித்தவர்களுக்கு அவரே விளக்கினார். பிறந்த பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, சூடு அந்த வழியாக நிறையப் போய்விடும். எடை குறைந்த பிள்ளைக்கு உடம்பில் கொழுப்பும் கம்மி, சூட்டைப் பிடித்துவைக்க முடியாது. தாயின் மார்போடு ஒட்டி வைக்கும் கங்காரு முறையிலும் தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ் உண்டு. பட்டன், மணி, ரிப்பன் எதுவும் கூடாது. ஓட்டை தெரியாமல் நெருக்கமாக இருக்க வேண்டும். மிருதுவான பருத்தி நூல் மட்டும். துவைத்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். மாதம் முடிந்து பிறந்த பிள்ளைக்குத் தலைச்சுற்று சுமார் 35 செ.மீ. குறைமாதப் பிள்ளைக்கு 28, 30 என்று இருக்கும். நாங்கள் தேங்காயில் அளவு பார்ப்பதை விட்டு இஞ்சி டேப்புக்கு மாறியது அப்போதுதான்.

கொஞ்ச மாதம் கழித்து மீன் மார்க்கெட் அருகில் ஒரு பொண்ணு என் பையைப் பார்த்து நின்றாள். பையில் மஞ்சள் நூல் தெரிந்தது. "அக்கா, மஞ்சக் குல்லா நீங்களா குடுத்தீக?" என்றாள். இடுப்பில் கொழுகொழுவென்று பையன். குல்லாவைக் கைப்பையில் மடித்து வைத்திருந்தாள். அது இப்போது அவன் முழங்காலுக்குத்தான் காணும். அதே கலரில் பெரிதாக ஒன்று வேண்டும் என்றாள். நூல் நான் தருகிறேன், வந்து நீயே பின்னு என்றேன். இப்போது ஒரு வாரமும் தவறுவதில்லை. பையன்தான் நூல்கண்டை உருட்டி எல்லோரையும் படுத்துகிறான்.

உச்சிப்புளியிலிருந்து:

நான் பின்னல் கூட்டத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனாலும் இதை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. மார்பில் கட்டி வந்து ஒரு பக்கம் முழுவதும் எடுத்துவிட்டார்கள். பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் சேலை கட்டும்போது ஒவ்வொரு நாளும் மனது சுருங்கும். பழைய துணியைச் சுருட்டி உள்ளே வைப்பேன். பஸ்ஸில் கை தூக்கினால் அது மேலே ஏறிவிடும். சிலிக்கானில் செய்த செயற்கை மார்பு கிடைக்கும் என்றார்கள். விலையும் அதிகம், கனமும் அதிகம், நம்ம புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும்.

ரவிக்கை அளவு கொடுக்கப் போனபோது தையல் அக்கா எதுவும் கேட்காமலே புரிந்துகொண்டார். "சனிக்கிழமை வாங்க மதினி" என்றார், அவ்வளவுதான். அங்கே போனால் மெல்லிய பருத்தி நூலில் ஒன்று பின்னிக் காட்டினார்கள். முன்பக்கம் நடுவிலிருந்து வட்டமாகப் பின்னி மேடு வருகிறது. பின்பக்கம் தட்டை, அதில் சுருக்குக் கயிறு வைத்த சின்ன வாய். அந்த வாய் வழியாகப் பஞ்சு மாதிரியான பாலியஸ்டர் நாரை வேண்டிய அளவு திணிக்கலாம், எடுக்கலாம். துவைக்கும்போது நாரை எடுத்துவிட்டு நூலை மட்டும் அலசிக் காயப்போடலாம். வெளிநாடுகளிலும் நம் நாட்டிலும் தன்னார்வலர்கள் இப்படிப் பின்னி இலவசமாகவே கொடுக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார்.

உள்அறையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு முறை நாரைக் கூட்டிக் குறைத்தோம். மூன்றாவது முறை சேலைத் தலைப்பைச் சரிசெய்யாமலே வெளியே வந்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது நானே பின்னுகிறேன். மதுரைக்குச் செக்கப் போகும்போது பையில் ஒன்றாவது இருக்கும். போன முறை வராந்தாவில் என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேசிப் பேசி, கடைசியில் கொடுத்தேன். அளவுக்கு நார் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தையல் புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான் வைக்க வேண்டும். இது லேசானது. உடம்பின் இரு பக்கமும் சமமாக இருக்கக் கனம் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

கீழக்கரையிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். உச்சிப்புளி அக்கா எழுதியதைப் படித்து உம்மாவும் நானும் அழுதுவிட்டோம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

என் கதை சின்னது. நான் தொழுகைத் தொப்பி பின்னுகிற ஆள். உச்சியில் ஆரம்பித்து வட்டம் வட்டமாகக் கூட்டிக்கொண்டே வந்து, தலை அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்தி நேராக இறக்க வேண்டும். நோன்பு வந்தால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு சனிக்கிழமை தொதல் என்கிற இனிப்பைப் போட்ட ஓலைக் கொட்டானை, அதாவது ஓலைப் பெட்டியை, கொண்டுபோயிருந்தேன். தொதல் தீர்ந்தது. காலிக் கொட்டானைப் பார்த்த டீச்சர், இதன் வாயில் குரோஷா ஏற்றினால் என்ன என்றார். அதற்காகத்தான் கொட்டான் முடைகிற லாத்தாவை (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தேடிப்போய்ப் பார்த்தேன்.

அவர் வீட்டில் குருத்தோலையை ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தார். காய்ந்த ஓலை மடிக்கும்போது வெடித்துவிடும், பதம் இருந்தால்தான் வளையும் என்று ஒரு கீற்றை என் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னார். நான் சொன்ன யோசனையைக் கேட்டுவிட்டு, விளிம்பில் குத்தூசியால் துளை போடும்போது ஓலையின் நீளவாக்கில் குத்தாமல், இரண்டு கீற்று ஒன்றன்மேல் ஒன்று வரும் இடமாகப் பார்த்துக் குத்தச் சொன்னார். ஒற்றைக் கீற்றில் குத்தினால் அப்படியே கிழிந்துகொண்டு போகும். அந்தத் துளைகளில் நூலைக் கோத்து மேலே ஒரு சாண் உயரம் பின்னி, வாயைச் சுருக்குப் பையாக முடித்தேன். அடி ஓலை, மேல் நூல்.

அவர் ஒரு கொட்டானுக்கு வியாபாரி கொடுக்கும் காசைச் சொன்னார். ஓலை வெட்டுகிற கூலி, சாயம், அடுப்பு விறகு எல்லாம் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எனக்குக் கோபமே வந்தது. இப்போது எங்கள் பைக்கு வேண்டிய கொட்டானை நேரே அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கு வாங்குகிறோம். பேரம் கிடையாது. மற்றவர்களும் அப்படியே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாம்பனிலிருந்து:

2022 டிசம்பரில் ராமேஸ்வரம் தீவை இணைத்த பழைய ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை தீவிலிருந்து எங்களுக்குப் பஸ்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஏனென்றால் பஸ்ஸில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். ராமேஸ்வரம் தரிசனம் முடித்துத் திரும்பும் வடக்கத்தி அம்மா. நான் பையிலிருந்து பின்னலை எடுத்ததும் அவரும் எடுத்தார். உள்ளங்கை அளவில் ஒரு ஸ்வெட்டர், குட்டியாக ஒரு குல்லா. பேரனுக்கா என்று சைகையில் கேட்டேன். போனில் படம் காட்டினார். அவர் வீட்டுப் பூஜையறையில் தவழும் கிருஷ்ணர் விக்கிரகம். அங்கே குளிர்காலம் வந்தால் சாமிக்கும் கம்பளி உடை போடுவார்களாம்.

எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் ஊசியைப் பேனா மாதிரி பிடிப்பேன், அவர் மேலிருந்து கத்தி பிடிப்பதுபோலப் பிடித்தார். இறங்குவதற்குள் ஓரத்துக்குப் போடும் சிப்பிப் பின்னலில் எனக்குத் தெரியாத ஒரு வகையைக் காட்டிக்கொடுத்தார். 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டரில் அன்றைக்கு உலகிலேயே மிகப் பெரிய குரோஷா கம்பளத்தை விரித்துக் கின்னஸ் வாங்கினார்கள். ஊர் ஊராகப் பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளைச் சேர்த்த கம்பளம். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் நான் ஊசியே வாங்கினேன். முன்பின் தெரியாதவர்கள் பின்னியது எப்படி ஒன்றோடொன்று சேரும் என்று அப்போது வியந்தேன். அந்த அம்மாவின் ஓரம் இப்போது என் மேஜைவிரிப்பில் இருக்கிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தங்கச்சிமடத்திலிருந்து:

ஆம்பளை எழுதலாமா? மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போட் கரையில் நிற்கும். வலை வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரியை மண்டபத்தில் இறக்கிவிட வந்து நானும் உட்கார்ந்தேன். கடல்பாசி எடுக்கப் போகிற என் தங்கச்சிக்கு இடுப்பில் கட்டும் பை ஒன்று வலை நூலில் முடிச்சுப் போட்டுச் செய்து கொடுத்தேன். தண்ணீர் வடிந்துவிடும், பாசி நிற்கும். அவளோடு போகிறவர்கள் எல்லாம் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். வேறு ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருக்கிறது.

மறுபடியும் மண்டபத்திலிருந்து:

தங்கச்சிமடம் அண்ணனுக்கு: தாராளமாக எழுதலாம், வரவும் செய்யலாம். பாசிப் பைக்கு முடிச்சுப் போடும் விதத்தை வந்து காட்டுங்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கீழக்கரைத் தங்கச்சி, கொட்டானுக்கு நீ செய்திருப்பதுதான் சரி, எல்லோருமே அந்த லாத்தாவிடம் சேர்த்தே சொல்லிவிடலாம், எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் இரும்பு ஊசி வாங்க வேண்டாம். நம்ம உப்புக்காற்றில் துரு ஏறி வெள்ளை நூலில் கறை விழும், போகவே போகாது. அலுமினியமோ மூங்கிலோ வாங்குங்கள். குல்லாவுக்கு உல்லன் நூல் வேண்டாம், பருத்தி மட்டும். நர்ஸ் இந்த முறை 28, 30 அளவில்தான் அதிகம் கேட்டிருக்கிறார். உச்சிப்புளி மதினிக்கு நார் தீர்ந்துவிட்டது, தையல் அக்கா ராமநாதபுரம் போய் வாங்கி வருகிறார். காசு பங்கு போடுகிறவர்கள் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.