மேக் மில்லர் மாறியது 2013-லா, 2018-லா?

கொட்டகலைக்காரன்: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: அமெரிக்க ராப் பாடகர் மேக் மில்லர் பார்ட்டிப் பாட்டுப் பாடியே காலத்தைக் கழித்தாராம், 2018-ல் வந்த 'ஸ்விம்மிங்' அல்பத்தில்தான் மனம் திறந்தாராம். 2013 அல்பத்தைக் கேட்காமலே எழுதுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

பதுளை பாபு: நான்தான் எழுதினேன். பெயர் சொல்லியே திட்டலாம். 2018தான்.

கொட்டகலைக்காரன்: 2013. 2011-ல் வந்த முதல் அல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் முதலிடம் பிடித்தது, ஆனால் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு ஒன்றுதான் போட்டது. அடுத்த அல்பத்திலேயே போதை, சாவு, தனிமை எல்லாம் வந்துவிட்டன. லாரி ஃபிஷர்மன் என்று பெயர் வைத்துக்கொண்டு பீட்டும் தானே போட்டார். இதற்குப் பெயர் பார்ட்டியா?

பதுளை பாபு: பேராசிரியர் ஆரம்பித்துவிட்டார். அந்த 2013 ஜூன் 18-லேயே பெரிய ராப்பர்கள் கான்யே வெஸ்டும் ஜே. கோலும் அல்பம் விட்டார்கள். நடுவில் இவரை யார் கவனித்தது? கிராமி விருதுப் பரிந்துரை 'ஸ்விம்மிங்'குக்குத்தான் வந்தது.

கொட்டகலைக்காரன்: யார் கவனித்தது என்றா கேட்டேன்? எப்போது மாறினார் என்று கேட்டேன். அந்த கிராமியும் ராப் பாடகி கார்டி பி-க்குத்தானே போனது. 2013.

மஸ்கெலியா மழை: அவரை விடுங்கள். நம் மலையகத்து ராப் பையன்கள் எப்போது மாறுவார்கள்? இருப்பது தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில், வீடியோவுக்கு மட்டும் வாடகைக் கார்.

பதுளை பாபு: கொழுந்து பறிக்கிற அம்மாவைக் காட்டி அழுதால்தான் பாட்டா? பையன் ஒரு நாள் கார் முன்னால் நின்றுவிட்டுப் போகட்டுமே.

மஸ்கெலியா மழை: அழச் சொல்லவில்லை. ராப் பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 2021-ல் அந்தக் கதையிலிருந்து வந்த பாட்டுக்கு எல்லோரும் ஆடத்தானே செய்தார்கள்?

கொட்டகலைக்காரன்: அறிவு எங்கே வந்தார் இதில்? தலைப்பைப் படியுங்கள். 2013.

தலவாக்கலை தம்பி: அண்ணே, எந்த வருஷமானால் என்ன? 'ஸ்விம்மிங்' வந்த அடுத்த மாதமே, 26 வயதில் ஆள் போய்விட்டார். பாதியில் நின்ற 'சர்க்கிள்ஸ்' அல்பத்தை இசைத் தயாரிப்பாளர் ஜான் பிரையன் முடித்து 2020-ல் வெளியிட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கொட்டகலைக்காரன்: பிடித்தது பிடிக்காதது வேறு தம்பி. வருஷம் வேறு.

பதுளை பாபு: தம்பி, இவருக்குக் கோபம் மேக் மில்லர் விஷயத்தில் இல்லை. டன்பார் மைதானத்தில் நான் அம்பயராக நின்று ரன் அவுட் கொடுத்தேன். அன்றிலிருந்தே இப்படித்தான்.

கொட்டகலைக்காரன்: அது அவுட்டே இல்லை. பெயில்ஸ் விழும்போது பந்து கீப்பர் கையில் இல்லை. வீடியோ இருக்கிறது, போடட்டுமா?

பதுளை பாபு: போடுங்கள். முழுசாகப் போடுங்கள், வெட்டி ஒட்டாமல்.