டிரில் மாஸ்டர் கிரவுண்டுக்கு 15 லட்சம்

குழு: பெரிய வீடு, சத்துவாச்சாரி

சனிக்கிழமை, காலை 7:05

சரவணன் (ஹூஸ்டன்): [படம்] நேற்று பேஸ்பால் பார்க்கப் போனோம். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது கூட்டிப்போன அதே ஸ்டேடியம்தான். வாசலில் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

கார்த்தி: டைக்கினா? அது ஏசி கம்பெனி இல்லையா அண்ணா?

சரவணன் (ஹூஸ்டன்): அதேதான். 2025 ஜனவரியிலிருந்து டைக்கின் பார்க். அதற்கு முன்னால் மினிட் மெய்ட் பார்க்.

கார்த்தி: ஜூஸ் போய் ஏசி வந்ததா 😂 வேலூர் வெயிலுக்கு அந்தப் பெயரை நம் ஊருக்கே வைக்கலாம்.

மீனா அத்தை: இங்கே காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஏசி பெயரை வைத்துக்கொண்டு விசிறிக்கவா?

பெரியப்பா: சரவணா, நல்ல நேரத்தில் போட்டாய். இதே விவகாரம்தான் இங்கேயும் ஓடுகிறது. நம் பள்ளி மைதானத்தில் கேலரி கட்டி விளக்கும் போட ஒரு நகைக்கடைக்காரர் 15 லட்சம் தருகிறாராம். பதிலுக்கு மெயின் கேட்டில் அவர் கடைப் பெயரோடு 'ஸ்டேடியம்' என்று ஒரு ஆர்ச். 20 வருஷத்துக்கு. நாளைக்கு முன்னாள் மாணவர் சங்கக் கூட்டம். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ரவி மாமா (ஆம்பூர்): 15 லட்சத்தை வேறு யார் தருவார்கள் மச்சான்? சங்கத்தில் இத்தனை நாளாக வசூல் செய்கிறீர்களே, எவ்வளவு சேர்ந்தது?

பெரியப்பா: அதை விடுங்க மாப்பிள்ளை.

ரவி மாமா (ஆம்பூர்): 😄

சரவணன் (ஹூஸ்டன்): அப்பா, கூட்டத்தில் பேசுவதற்கு உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். இந்த ஸ்டேடியம் 2000-இல் திறந்தபோது ஜூஸும் இல்லை, ஏசியும் இல்லை. என்ரான் ஃபீல்டு. 30 வருஷத்துக்கு 10 கோடி டாலர் என்று ஒப்பந்தம். 2001 டிசம்பரில் என்ரான் திவால். வாசலில் மோசடிக் கம்பெனியின் பெயர் தொங்குகிறது, கழற்றலாம் என்றால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. கடைசியில் அந்த அணியே 21 லட்சம் டாலர் கொடுத்துத் தன் மைதானத்தின் பெயரைத் திரும்ப வாங்கியது.

பெரியப்பா: என்ரான் என்றால் மகாராஷ்டிராவில் தாபோல் மின்நிலையம் கட்டினானே, அவனா?

சரவணன் (ஹூஸ்டன்): அவனேதான்.

பெரியப்பா: பார்த்தீர்களா மாப்பிள்ளை!

ரவி மாமா (ஆம்பூர்): மச்சான், அது அமெரிக்கா. நம் ஊர் நகைக்கடைக்காரர் என்ன என்ரானா? அவருடைய அப்பா காலத்திலிருந்து கடை நடக்கிறது.

கார்த்தி: அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம் அப்பா. புனேவுக்குப் பக்கத்தில் கஹுஞ்சேவில் சுப்ரதா ராய் சஹாரா ஸ்டேடியம் என்று ஒன்று இருந்தது. சஹாரா கம்பெனி சொன்ன பணம் வரவில்லை என்று 2013-இல் மகாராஷ்டிரா கிரிக்கெட் சங்கம் அந்தப் பெயரை எடுத்துவிட்டது.

ரவி மாமா (ஆம்பூர்): நீ யார் பக்கம்டா?

கார்த்தி: நான் கிரிக்கெட் பக்கம் 🏏

மீனா அத்தை: பரீட்சைக்குப் படிக்கிறவன் பேசுகிற பேச்சா இது. போனை வை.

ரவி மாமா (ஆம்பூர்): சரி, ஒன்று கேட்கிறேன். சேப்பாக்கத்துக்கு எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம் என்றுதானே பெயர்? அவர் யார்? ஸ்பிக் உரக் கம்பெனியைத் தொடங்கியவர். தொழிலதிபர்தானே?

பெரியப்பா: அவர் கிரிக்கெட் வாரியத்துக்கே தலைவராக இருந்தவர். விளையாட்டுக்குச் செய்ததற்காக வைத்த பெயர். ஸ்பிக் ஸ்டேடியம் என்றா வைத்தார்கள்?

ரவி மாமா (ஆம்பூர்): பம்பாயில் பிரபோர்ன் ஸ்டேடியம்? 1937-இல் திறந்தது. பிரபோர்ன் அங்கே கவர்னர், மட்டையைப் பிடித்து ஊருக்குப் பெருமை தேடித் தந்தவர் இல்லை. சர்க்காருக்குப் பணம் வேண்டுமா, உங்களுக்கு அழியாப் புகழ் வேண்டுமா என்று அவரிடம் கேட்டே நிலத்தை வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. நீங்கள் பாரம்பரியம் என்று சொல்வதில் பாதி, அந்தக் காலத்துப் பேரம்தான் மச்சான்.

சரவணன் (ஹூஸ்டன்): மாமா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது அப்பா.

பெரியப்பா: இருக்கலாம். ஆனால் கவர்னர் அந்தப் பெயரைக் காட்டிப் பிரபோர்ன் சோப்பு விற்கவில்லையே.

கார்த்தி: பெரிய மாமா ஃபார்மில் இருக்கிறார் 🔥

சனிக்கிழமை, மதியம் 1:40

திவ்யா: இப்போதுதான் கிளாஸ் முடிந்தது. எல்லாம் படித்தேன். பெரியப்பா, ஒரு கேள்வி. இப்போது அந்த மைதானத்துக்கு என்ன பெயர்?

பெரியப்பா: பெயரா? டிரில் மாஸ்டர் கிரவுண்டு. ஊருக்கே தெரியுமே.

திவ்யா: எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

பெரியப்பா: எழுதவில்லை.

திவ்யா: அந்த டிரில் மாஸ்டர் பெயர் என்ன என்று எங்கள் செட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

பெரியப்பா: என்னம்மா இப்படிச் சொல்கிறாய். கரம்பாகக் கிடந்த இடத்தைப் பையன்களை வைத்துச் சமப்படுத்திய மனிதர். வாலிபால் நெட்டைத் தன் சம்பளத்தில் வாங்கினார். நேதாஜி ஸ்டேடியத்தில் குடியரசு தின அணிவகுப்புக்கு எங்களைத் தயார் செய்து கூட்டிப்போனதும் அவர்தான். ஒரு கல் கூட அவர் பெயரில் நடவில்லை. இப்போது அந்த வாசலில் தங்கம் விற்கிறவர் பெயரா?

மீனா அத்தை: அண்ணா சொல்வது சரிதான். அவர் கையால் அடி வாங்காதவர்கள் நம் தெருவில் இல்லை.

திவ்யா: அத்தை, அதே மைதானத்தில் நாங்கள் வாலிபால் ஆடுகிறோம். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. உடை மாற்ற இடம் இல்லை. இருட்டினால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். விளக்கும் கழிப்பறையும் வந்தால் வாசலில் எந்தக் கடைப் பெயர் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் பெரியப்பா.

ரவி மாமா (ஆம்பூர்): 👏👏 இதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன்.

திவ்யா: மாமா, நீங்கள் கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேலரி, விளக்கு, ஆர்ச் என்றுதான் பேச்சு.

மீனா அத்தை: 😂😂

சனிக்கிழமை, இரவு 8:50

பெரியப்பா: மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். திவ்யா கேட்டதில் தப்பு இல்லை. ஆனாலும் எனக்கு ஏன் உறுத்துகிறது என்று சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கழகத்துக்குப் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று பெயர். மாவட்டம் வட ஆற்காடு. 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது இது வட ஆற்காடு அம்பேத்கர், அது திருவண்ணாமலை சம்புவராயர். அப்புறம் தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பெயர் வைத்ததில் கலவரம் வந்து, 1997-இல் கழகம், மாவட்டம் எல்லாவற்றிலும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். வேலூர் மாவட்டம் ஆனோம். 2019-இல் அதிலிருந்தும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன. இத்தனை போர்டையும் மாற்றி மாட்டினதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ரவி மாமா (ஆம்பூர்): அப்படியென்றால் இன்னொரு போர்டு மாறினால் என்ன மச்சான்?

பெரியப்பா: அந்தப் பெயர்களை வைத்தபோதும் எடுத்தபோதும் ஊர் சண்டை போட்டது, சட்டசபை பேசியது. யாரையோ கேட்க முடிந்தது. இதில் 20 வருஷத்துக்கு யாரும் வாயைத் திறக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். கடை கைமாறினால்? மகன்கள் பாகம் பிரித்தால்? பள்ளி வாசலில் இரண்டு அண்ணன் தம்பி பெயர்ச் சண்டை போடுவார்கள்.

சரவணன் (ஹூஸ்டன்): இது நல்ல பாயிண்ட் அப்பா. மயாமியில் அதுதான் நடந்தது. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ கம்பெனி 2021-இல் அங்கே கூடைப்பந்து அரங்கத்தின் பெயரை வாங்கியது, 19 வருஷத்துக்கு. 2022 நவம்பரில் கம்பெனியே காலி.

கார்த்தி: திண்டுக்கல்லில் என்பிஆர் கல்லூரி கிரவுண்டு, திருநெல்வேலியில் இந்தியா சிமெண்ட்ஸ் கிரவுண்டு. டிஎன்பிஎல் கிரிக்கெட் மேட்ச் எல்லாம் அங்கே நடந்திருக்கிறது. அதை யாரும் தப்பாகச் சொல்லவில்லையே?

பெரியப்பா: அவர்கள் இடம், அவர்கள் பெயர். சொந்த வீட்டு வாசலில் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிக்கொள்ளலாம். இது பள்ளி இடம்.

கார்த்தி: அதுவும் சரி. புதிதாகக் கட்டினால் ரசிகர்களும் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை. இங்கிலாந்துக் கால்பந்து அணி ஆர்சனல் 2006-இல் புது மைதானத்துக்குப் போனது, அன்றிலிருந்தே அதற்கு விமானக் கம்பெனி எமிரேட்ஸ் பெயர். பழகிவிட்டது. நியூகாசிலில் மட்டும் ஏன் கொதித்தார்கள்? செயின்ட் ஜேம்ஸ் பார்க் 1892-இலிருந்து அந்த அணியின் மைதானம். 2011-இல் முதலாளி அதற்குத் தன் கடைப் பெயரை வைத்தார், ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா என்று. அடுத்த வருஷமே வோங்கா என்ற கடன் கம்பெனி பெயர் உரிமையை வாங்கி, பழைய பெயரையே திரும்ப வைத்து நல்ல பெயர் எடுத்துக்கொண்டது.

ரவி மாமா (ஆம்பூர்): வட்டிக்காரனுக்குப் புத்தி அதிகம்.

சரவணன் (ஹூஸ்டன்): காசு கொடுத்தாலும் பெயர் முழுதாக அவன் கைக்குப் போவதில்லை மாமா. இங்கே மின்சாரக் கம்பெனி பெயரில் என்ஆர்ஜி ஸ்டேடியம் என்று ஒரு பெரிய மைதானம். 2026 கால்பந்து உலகக் கோப்பைக்கு மட்டும் ஃபிபா அதை ஹூஸ்டன் ஸ்டேடியம் ஆக்கிவிட்டது. தன் ஸ்பான்சர் தவிர வேறு கம்பெனிப் பெயர் தெரியக் கூடாது என்று விதி.

கார்த்தி: இன்னொன்று இருக்கிறது, பெரிய மாமாவுக்குப் பிடிக்கும். ஜெர்மனியில் நியூரம்பெர்க். 2017-இல் கான்சர்ஸ் பேங்க் பெயர் உரிமையை வாங்கியது, ரசிகர்களும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பேங்க் தன் பெயரை வைக்கவில்லை. மாக்ஸ் மோர்லாக் ஸ்டேடியம் என்று வைத்தது. அவர் அந்த ஊர் கிளப்பில் ஆடியவர், 1954 உலகக் கோப்பை ஃபைனலில் கோல் போட்டவர்.

பெரியப்பா: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா கார்த்தி!

கார்த்தி: அம்மா போனை வை என்றார்களே.

மீனா அத்தை: அப்படியானால் நம் சத்துவாச்சாரிப் பையன் சதீஷ் சிவலிங்கம் பெயரை வைக்கலாமே அண்ணா? காமன்வெல்த்தில் இரண்டு முறை தங்கம். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட்.

பெரியப்பா: அவர் பளு தூக்குகிறவர் மீனா. அவர் பெயரில் ஊரே பெரிதாக ஒன்று கட்ட வேண்டும். இது வாலிபால் கிரவுண்டு, டிரில் மாஸ்டருக்கே இருக்கட்டும். முழுப் பெயரோடு.

ரவி மாமா (ஆம்பூர்): கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடைக்காரர் ஜெர்மன் பேங்க் இல்லை. வாசலில் தன் பெயர் இல்லை என்றால் 15 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டார். தெரிந்தவர்தான், காலையில் நானே கேட்டுப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, இரவு 7:15

ரவி மாமா (ஆம்பூர்): பேசிவிட்டேன். நான் சொன்ன மாதிரியே ஆர்ச் இல்லை என்றால் 15 இல்லை என்றுவிட்டார். கேலரியிலும் ஸ்கோர் போர்டிலும் கடைப் பெயர் போட்டால் 9 தருகிறாராம். 5 வருஷம், அப்புறம் மறுபடி பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா: சங்கத்தில் பாதிப் பேர் 15-ஐ விடக் கூடாது என்றார்கள். ஒன்றரை மணி நேரம் சண்டை. என்ரான் கதையைச் சொன்னேன், ஒருவர் தூங்கிவிட்டார். புனே கதைக்குத்தான் தலையாட்டினார்கள். கடைசியில் 9-க்கு ஒப்புக்கொண்டார்கள், ஆனால் மீதி 6 லட்சத்தை என்னையே வசூல் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மீனா அத்தை: பேசினவன் தலையில்தானே கட்டுவார்கள்.

சரவணன் (ஹூஸ்டன்): நான் 1 லட்சம் போடுகிறேன் அப்பா. இங்கே நம் பள்ளியில் படித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்கிறேன்.

ரவி மாமா (ஆம்பூர்): என் பங்கு 25,000. பிடிவாதத்துக்குத்தான் இந்த வசூல், தேவைக்கு இல்லை என்று ரசீதில் எழுதுங்க மச்சான்.

பெரியப்பா: எழுதுகிறேன் மாப்பிள்ளை. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். தவணை 3 மாதம் தள்ளினால் போர்டைக் கழற்றலாம். கடை கைமாறினால் பெயர் தானாகப் புதுக் கடைக்குப் போகாது, பள்ளி சம்மதிக்க வேண்டும். கார்த்தி, வக்கீலிடம் கொடுக்கிற மாதிரி இதை டைப் அடித்து அனுப்பு.

கார்த்தி: பரீட்சை...

மீனா அத்தை: இதற்கு மட்டும் பரீட்சை ஞாபகம் வருகிறது. அடித்துக் கொடுடா.

திவ்யா: பெரியப்பா, 9 லட்சத்தில் முதல் தவணை எதற்கு?

பெரியப்பா: விளக்குக்கு.

திவ்யா: பெரியப்பா.

பெரியப்பா: சரிம்மா. கழிப்பறைக்கு. கார்த்தி, அதையும் ஒரு வரி சேர்த்துவிடு.